வீட்டு முகவரியில் எண்ண வேண்டிய தேவை: தென்சென்னையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும்

சென்னையின் நடுப்பகுதியும் தென்பகுதியும் மருத்துவ வசதி செறிந்த நிலப்பரப்புகள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் அடையாறில் உள்ளது. மயிலாப்பூரை ஒட்டி ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், கிண்டியில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும், 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இயங்குகின்றன. தனியார் மருத்துவமனைகளோ தெருவுக்குத் தெரு காணப்படுகின்றன. இத்தகைய பகுதியில் தீராத நோயோடு வாழ்பவர்களுக்கு வேண்டிய கவனிப்பு போதுமான அளவு கிடைத்துவிடும் என்று கருதுவது இயல்பு. ஆனால் எத்தனை பேருக்கு அந்தக் கவனிப்பு தேவைப்படுகிறது, அவர்கள் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை அது சென்றடைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் மருத்துவமனைகளின் எண்ணிக்கை விடை தருவதில்லை. நோயாளி எங்கே சிகிச்சை பெறுகிறார் என்பதைக் கொண்டு தேவையைக் கணக்கிடும் வழக்கம் இருக்கும்வரை, வசதிகள் நிறைந்த பகுதியிலேயே தேவை கண்ணுக்குப் படாமல் போகும் என்பதும், நோயாளி எங்கே வசிக்கிறார் என்பதைக் கொண்டு எண்ணுவதற்கான தரவுகளும் முறைகளும் சென்னையில் பெருமளவு ஏற்கெனவே உருவாகியுள்ளன என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது, உயிருக்கு ஆபத்தான அல்லது முற்றிலும் குணமாகாத நோயுடையவரின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் போன்ற உடல் துன்பங்களையும், அவற்றோடு வரும் அச்சம், மனச்சோர்வு, பொருளாதார நெருக்கடி ஆகியவற்றையும் முன்கூட்டியே கண்டறிந்து தணிக்கும் மருத்துவப் பிரிவாகும். அது நோயாளியோடு நின்றுவிடாமல் அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தையும் உள்ளடக்கியது. நோயைக் குணப்படுத்த முயலும் சிகிச்சையோடு சேர்த்தே இதைத் தொடங்கலாம் என்பதால், கடைசிச் சில நாட்களுக்கு மட்டும் உரியதாக இதைச் சுருக்கிவிட முடியாது. உலக நலவாழ்வுப் பேரவை 2014இல் நிறைவேற்றிய தீர்மானம், ஒவ்வொரு நாடும் இதைத் தன் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பின் எல்லா நிலைகளிலும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அவ்வாறு சேர்ப்பதற்கு முதற்படி, ஒரு குறிப்பிட்ட பகுதியின் மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு எவ்வகை உதவி வேண்டும் என்று அறிவதே.

தேவையின் நான்கு முகங்கள்

ஆங்கிலேயச் சமூகவியலாளர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் சமூகத் தேவையை நான்காகப் பகுத்தார். துறை வல்லுநர்கள் ஓர் அளவுகோலை வைத்து வரையறுப்பது நெறிமுறைத் தேவை. பாதிக்கப்பட்டவர் தம் உள்ளத்தில் உணர்வது உணரப்பட்ட தேவை. அவர் வாய்விட்டுக் கேட்பதோ மருத்துவரை நாடிச் செல்வதோ வெளிப்பட்ட தேவை. ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் இருப்பது ஒப்பீட்டுத் தேவை. மருத்துவத் துறையில் இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் சேர்க்கப்படுகிறது: ஒரு சேவையால் ஒருவர் பயன்பெறக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே அதை அவருடைய தேவை என்று கொள்ள வேண்டும்.

இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதே தென்சென்னையில் காணப்படும் சிக்கல். வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் ஏற்பாடு செய்த வீட்டுச் செவிலியரோடு மயிலாப்பூர் அடுக்ககம் ஒன்றில் வாழும் முதியவரின் தேவை சந்தையில் பணமாக வெளிப்படுகிறது. அதே மயிலாப்பூரின் கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்திலோ பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலோ பக்கவாதத்தால் படுத்த மீனவரின் தேவை குடும்பத்துப் பெண்ணின் உழைப்பாக மட்டுமே இருந்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. முன்னவரும் முழுமையாகக் கவனிக்கப்படுகிறார் என்று கூறிவிட முடியாது. உடலைத் துடைக்கவும் உணவூட்டவும் ஆள் இருப்பதும், வலியை அளந்து அதற்குரிய மருந்தைத் தரத் தெரிந்தவர் இருப்பதும் வெவ்வேறு. முதலாவதை வாங்கியவருக்கு இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது, வெளிப்பட்ட தேவையை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை.

இறப்பிலிருந்து தொடங்கும் கணக்கு

மக்கள்தொகை அளவில் இத்தேவையை மதிப்பிட உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய வழி, ஓராண்டில் நிகழும் இறப்புகளை அவற்றின் காரணங்களோடு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாலும் இறந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு ஆதரவுச் சிகிச்சை பயன்பட்டிருக்கும் என்று கணக்கிடுவதாகும். விபத்திலும் திடீர் மாரடைப்பிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் இக்கணக்கில் சேர்வதில்லை. புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் நோய், மறதிநோய் ஆகியவற்றால் இறந்தவர்கள் சேர்வர். இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வு, இறப்பவர்களில் குறைந்தது 63 விழுக்காட்டினருக்கும் இடைநிலை மதிப்பீட்டின் மேலெல்லையாக 82 விழுக்காட்டினருக்கும் இத்தேவை இருப்பதாக மதிப்பிட்டது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, நோயால் வரும் கடுந்துன்பம் என்னும் அளவுகோலை வகுத்து, இருபது நோய்நிலைகளை எடுத்துக்கொண்டு, 2015இல் உலகில் இறந்த 5.62 கோடிப் பேரில் 2.55 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 45 விழுக்காட்டினர், அத்துன்பத்தோடு இறந்தனர் என்று கண்டது. அவ்வாண்டில் இறக்காமல் அத்தகைய துன்பத்தோடு வாழ்ந்தவர்கள் மேலும் 3.55 கோடிப் பேர் என்பதையும் அது சேர்த்துக் காட்டியது.

இவ்விகிதங்களை ஒரு லட்சம் மக்கள் வாழும் நகர்ப் பகுதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 6 இறப்புகள் என்று, தமிழ்நாட்டின் பொது நிலைக்கு நெருக்கமான வீதத்தை எடுத்துக்கொண்டால், அப்பகுதியில் ஆண்டுக்கு 600 பேர் இறப்பர். லான்செட் விகிதப்படி அவர்களில் 270 பேருக்கும், இங்கிலாந்து ஆய்வின்படி 380 முதல் 490 பேருக்கும் இச்சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். இறக்காமல் துன்புறுபவர்களையும் லான்செட் விகிதத்திலேயே சேர்த்தால் எண்ணிக்கை 640ஐத் தாண்டும். ஒரே பகுதிக்கு 270 என்றும் 640 என்றும் விடை வருவதைக் கொண்டு இம்முறையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எந்த நோய்களைச் சேர்ப்பது, வாழ்பவர்களையும் எண்ணுவதா என்ற கொள்கை முடிவுகளே இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. திட்டமிடுபவர் ஒரே எண்ணைக் கேட்காமல், கீழெல்லையையும் மேலெல்லையையும் கேட்டுப் பெறுவதே முறை. மேலும், 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலை இது. முதியவர்கள் இன்னும் செறிந்து வாழும் வட்டங்களில் இறப்பு வீதமும் தேவையும் மாநிலச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், மாநில விகிதத்தை அப்படியே மயிலாப்பூருக்குப் பொருத்துவது தேவையைக் குறைத்துக் காட்டும்.

சென்னையின் இரு பெரும் பதிவேடுகள்

இத்தகைய கணக்குக்கு வேண்டிய மூலத்தரவில் சென்னை பின்தங்கிய நகரமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ், அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் சென்னை நகரத்துக்கான மக்கள்தொகைப் பதிவேட்டை நடத்திவருகிறது. மக்கள்தொகைப் பதிவேடு என்பது ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களின் பட்டியலாக இல்லாமல், குறிப்பிட்ட எல்லைக்குள் வசிக்கும் எவருக்குப் புற்றுநோய் வந்தாலும், அவர் எங்கே சிகிச்சை பெற்றாலும், அவரைத் தேடிச் சேர்க்கும் ஏடு. பதிவேட்டுப் பணியாளர்கள் நகரத்தின் மருத்துவமனைகளுக்கும் நோயியல் ஆய்வகங்களுக்கும் நேரில் சென்று விவரம் சேகரிக்கின்றனர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகின்றனர். ஓராண்டாவது நகர எல்லைக்குள் வசித்தவரையே நகரவாசியாகக் கொள்கின்றனர். அடையாறுக்குச் சிகிச்சைக்காக வந்து தங்கும் வெளி மாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் இந்த நிபந்தனையால் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றனர்.

நோயின் வகை மாறும்போது தேவையின் வகையும் மாறுவதை இப்பதிவேடு காட்டுகிறது. சென்னைப் பெண்களிடம் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அவ்விடத்தைப் பிடித்தது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றில் உதிரப்போக்கும் சிறுநீர்ப்பாதை அடைப்பும் முதன்மையான துன்பங்கள். மார்பகப் புற்று எலும்புக்குப் பரவினால் ஆண்டுக்கணக்கில் நீளும் எலும்பு வலியும், ஆறாத புண்ணும் அதன் துர்நாற்றமும் துன்பங்கள். முன்னதற்கு அறுவைத் துறையோடு இணைந்த உதவி வேண்டும். பின்னதற்கு நெடுங்கால வீட்டுப் பராமரிப்பும் புண் கட்டும் பயிற்சியும் வலி மருந்தும் வேண்டும். தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடும் மதிப்பீடு இவ்வேறுபாட்டைத் தவறவிடும்.

இரண்டாவது மூலம் இறப்புப் பதிவு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, இறப்பு நிகழ்ந்த இடத்தில் அதைப் பதிவு செய்யச் சொல்கிறது. விழுப்புரத்திலிருந்தோ சித்தூரிலிருந்தோ வந்து அடையாறில் இறந்தவரின் இறப்பு சென்னையில் பதிவாகிறது, தி. நகரில் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி இறந்தவரின் பதிவு அந்த ஊரில் இருக்கிறது. ஆகவே மருத்துவமனைகள் நிறைந்த மண்டலத்தின் இறப்பு எண்ணிக்கையை, இறந்தவரின் நிலையான முகவரியைக் கொண்டு மீண்டும் பிரித்து அடுக்காமல் பயன்படுத்துவது பெரும் பிழைக்கு இடமளிக்கும்.

வீட்டில் நிகழும் இறப்புகளில் இன்னொரு குறை உண்டு. பெசன்ட் நகர், கண்ணம்மாபேட்டை மயானங்களில் தகனத்துக்காகக் கொடுக்கப்படும் சான்றில் குறிக்கப்படும் ‘இதயம் நின்றது’, ‘முதுமை’ போன்ற சொற்கள் இறப்பின் இறுதிக் கணத்தைச் சொல்கின்றனவே ஒழிய அதற்கு இட்டுச்சென்ற நோயைச் சொல்வதில்லை. இக்குறையைக் களைய முடியும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே உள்ளது. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் 1995–97 காலத்தில் சென்னையில் மருத்துவக் காரணங்களால் இறந்த ஏறத்தாழ 48,000 வயதுவந்தோரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்களை அனுப்பினர். நோய் எப்படித் தொடங்கியது, எந்த அறிகுறிகள் தோன்றின, எவ்வளவு காலம் நீடித்தது என்பதை உற்றார் வாய்மொழியாகக் கேட்டு எழுதச் செய்து, மருத்துவர்களைக் கொண்டு காரணத்தை நிர்ணயித்தனர். உற்றார் வாய்மொழி ஆய்வு என்று இம்முறையைக் கூறலாம். காரணம் தெளிவாகக் குறிக்கப்படாத இறப்புகளின் பங்கு இதனால் நடுவயது வரையிலானோரிடம் 37 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஆய்வின் நோக்கம் இறப்புக் காரணத்தை அறிவதாக இருந்தது. எனினும் கடைசி மாதங்களின் அறிகுறிகளைக் குடும்பத்தார் தெளிவாக நினைவுகூர முடியும் என்று அது மெய்ப்பித்துவிட்டது. வலி இருந்ததா, அதற்கு என்ன மருந்து கிடைத்தது, எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு ஓட நேர்ந்தது, யார் வேலையை விட்டுவிட்டு உடனிருந்தார் என்ற வினாக்களையும் சேர்த்தால், இறப்புக் காரண ஆய்வு அப்படியே துன்பத்தின் ஆய்வாகவும் விரிவடையும்.

புற்றுநோய்க்கு அப்பால்

பதிவேட்டின் வலிமையே ஒரு சாய்வையும் உண்டாக்கியிருக்கிறது. புற்றுநோய்க்குப் பதிவேடு உண்டு என்பதால் ஆதரவுச் சிகிச்சையும் புற்றுநோய்க்கே உரியது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ஆனால் உலகளவில் இத்தேவையின் பெரும்பகுதி பிற நோய்களைச் சார்ந்தது. அவற்றுள் மறதிநோய் அளவீட்டுக்கு மிகவும் கடினமானது. சென்னை நகரமும் வேலூர்க் கிராமப்புறமும் பங்கேற்ற 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2008இல் லான்செட் இதழில் வெளியாயின. அமெரிக்க மனநல வரையறையைப் பயன்படுத்தியபோது, இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைக் கடந்தோரில் 0.3 விழுக்காட்டினருக்கே மறதிநோய் இருப்பதாகத் தெரிந்தது. பல பண்பாடுகளுக்கும் பொருந்துமாறு வகுக்கப்பட்ட 10/66 வரையறையைப் பயன்படுத்தியபோது, பங்கேற்ற எந்த இடத்திலும் அது 5.6 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை. அமெரிக்க வரையறை, அன்றாடப் பணிகள் பாதிக்கப்பட்டதாகக் குடும்பத்தார் சொல்வதை எதிர்பார்க்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவரிடம் யாரும் பொறுப்பை எதிர்பார்க்காமல், மறதியை வயதின் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் இடத்தில், பாதிப்பு இருந்தும் அது பாதிப்பாகச் சொல்லப்படுவதில்லை. உணரப்பட்ட தேவையை மட்டும் நம்பும் எந்தக் கணக்கெடுப்பும் இதே குழியில் விழக்கூடும்.

தேவை இடம்பெயரும்போது

தென்சென்னையின் வரைபடம் நிலையானதும் அன்று. மெரினா, அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த உழைக்கும் குடும்பங்கள் 2000க்குப் பின் கண்ணகி நகருக்கும், ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டன. அவர்களோடு அவர்களின் நோய்களும் நகர்ந்தன; மருத்துவமனைகளும், முதியவரைப் பார்த்துக்கொள்ள உதவிய பழைய அக்கம்பக்கத்தாரும் நகரவில்லை. இதனால் நடுநகர மண்டலத்தின் தேவை குறைந்துவிட்டது போன்ற தோற்றமும், புறநகரில் சேவையற்ற தேவைச் செறிவும் ஒரே நேரத்தில் உருவாயின. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வட்டவாரியான பகுப்பெண்ணாக 2011இன் எண்களே நீண்ட காலம் பயன்பட்டதும், இந்த நகர்வைக் கணக்கில் கொண்டுவருவதைக் கடினமாக்கியது.

சேவைகளின் இருப்பிடமும் இதே கோணத்தில் பார்க்கத்தக்கது. தி. நகரில் டாக்டர் ரிபப்ளிகா ஸ்ரீதர் நிறுவிய ஆர்.எம்.டி. வலி மற்றும் நோய் ஆதரவு அறக்கட்டளையும், வடக்கே மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லமும், இவை போன்ற சில தொண்டு அமைப்புகளும் நகரத்தில் இப்பணியைச் செய்துவருகின்றன. இவை கையாளும் நோயாளிகளின் எண்ணிக்கை வெளிப்பட்ட தேவையின் ஒரு பகுதியையே காட்டும். அவ்வமைப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டவரும், பரிந்துரைக்கும் மருத்துவர் வாய்த்தவருமே அங்கு வந்துசேர்கின்றனர்.

வீடு தேடிச் செல்லும் கணக்கெடுப்பு

இறப்பை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாற்றாகவும் துணையாகவும் அமைவது வீடுவாரிக் கணக்கெடுப்பு. புதுச்சேரி நகரப் பகுதியிலும் தமிழகக் கிராமங்களிலும் நடந்த இத்தகைய ஆய்வுகள், ஆயிரம் பேரில் ஏறத்தாழ 4 முதல் 6 பேருக்கு ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவதாகக் கண்டன. ஒரு லட்சத்துக்கு இது 400 முதல் 600 பேர். மேலே கண்ட இறப்புக் கணக்கின் எல்லைகளோடு இவ்வெண் நெருங்கி வருவதைக் கொண்டு இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று கொள்ளக்கூடாது. இறப்புக் கணக்கு ஓராண்டு முழுவதும் வந்துபோனவர்களைச் சொல்கிறது; கணக்கெடுப்பு ஒரு குறிப்பிட்ட நாளில் இருப்பவர்களைச் சொல்கிறது. சில வாரங்களே வாழும் முற்றிய புற்றுநோயாளி கணக்கெடுப்பில் எளிதாகத் தவறிவிடுவார். பத்தாண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் பக்கவாத நோயாளி கட்டாயம் இடம்பெறுவார். அதனால் கணக்கெடுப்பு செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் அன்றாடப் பணிச்சுமையைத் திட்டமிடவும், இறப்புக் கணக்கு வலி மருந்தின் அளவையும் இறுதிக்காலச் சேவையையும் திட்டமிடவும் பொருந்தும்.

வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதில் இரு தடைகள் உண்டு. காவலாளி நிற்கும் அடுக்ககங்களில் கணக்கெடுப்பாளர் உள்ளே நுழைவதே கடினம் என்பதால், வசதி படைத்த முதியோர் கணக்கிலிருந்து விடுபடுவர். புற்றுநோய் என்ற செய்தியை நோயாளியிடமிருந்தே மறைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், நோயின் பெயரைக் கேட்கும் வினா தவறான விடையைத் தரும்; வீட்டில் படுத்த படுக்கையாக யாரேனும் இருக்கிறாரா, குளிக்கவும் உண்ணவும் பிறர் உதவி வேண்டியவர் உண்டா, தூக்கத்தைக் கெடுக்கும் வலி யாருக்கேனும் இருக்கிறதா என்று துன்பத்தை முன்வைத்துக் கேட்பதே பயன் தரும். இவற்றைவிடப் பெரியது அறம் சார்ந்த கேள்வி: துன்பத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, எந்த உதவியும் தராமல் திரும்பிவிடும் ஆய்வு, குடும்பத்தின் நம்பிக்கையைக் கெடுத்து அடுத்த ஆய்வையும் கெடுக்கும்.

கேரளம் இதற்கு ஒரு விடை கண்டது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்திலிருந்து வளர்ந்த அண்டையயல் வலையமைப்பில், தம் பகுதியில் படுக்கையில் இருப்பவர்களைத் தன்னார்வலர்களே கண்டறிந்து சேவைக்குப் பதிவுசெய்தனர். 2008இல் அம்மாநிலம் இதற்கெனக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளைப் பொறுப்பாக்கியது. அங்கே கணக்கெடுப்பும் சேவையும் ஒரே செயலின் இரு பகுதிகள். தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய கட்டமைப்பு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே தருவதோடு, நோய் ஆதரவுச் சேவையையும் இயன்முறைச் சிகிச்சையையும் அது உள்ளடக்கியுள்ளது. களப்பணியாளர் ஏற்கெனவே வீட்டுக்குள் செல்லும் இடத்தில், சில வினாக்களைச் சேர்ப்பதால் ஆகும் கூடுதல் செலவு சிறிது. அவர் கண்டறியும் நோயாளிக்கு அதே குழு உதவ முடியும் என்பதால் மேற்சொன்ன அறச்சிக்கலும் தணியும்.

கண்டறிந்த தேவை உண்மையில் நிறைவேறுமா என்பதை மருந்து தீர்மானிக்கிறது. உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 298.5 மெட்ரிக் டன் மார்ஃபின் நிகர் வலி மருந்துகளில் 0.1 டன் மட்டுமே ஏழை நாடுகளுக்குச் செல்வதாக லான்செட் ஆணையம் கணக்கிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துத் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டையும் நெரித்துவிட்ட நிலையில், 2014 திருத்தம் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்னும் பிரிவை உருவாக்கி, பல உரிமங்கள் வேண்டிய இடத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாக்கியது. ஆகவே ஒரு பகுதியின் தேவை மதிப்பீட்டில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அருகிலேயே, மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் இடங்களின் எண்ணிக்கையும், அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும்.

தென்சென்னைக்கான மதிப்பீடு இவ்வாறு மூன்று அடுக்குகளாக அமையலாம்: பதிவேட்டையும் முகவரிவாரியாகப் பிரித்த இறப்புகளையும் கொண்ட ஆண்டுக் கணக்கு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணியாளர்கள் தம் எல்லைக்குள் இருப்பவர்களைக் கண்டு புதுப்பித்துவரும் பெயர்ப் பட்டியல், இறந்தோரில் ஒரு மாதிரியை எடுத்து உற்றாரிடம் கடைசி மாதங்களைப் பற்றிக் கேட்கும் ஆய்வு. முதலாவது தேவையின் அளவையும், இரண்டாவது அதன் இருப்பிடத்தையும், மூன்றாவது கிடைத்த சேவையின் தரத்தையும் சொல்லும். இவற்றில் எதுவும் சென்னைக்குப் புதிதன்று. மூன்றும் தனித்தனியே இந்நகரத்திலோ இதன் அண்டையிலோ செய்து பார்க்கப்பட்டவையே. அவற்றை ஒரே எல்லைக்குள், ஒரே மக்கள்தொகைக்கு, ஒரே பொறுப்பாளரின் கீழ் கொண்டுவருவதே எஞ்சியுள்ள பணி. அப்பொறுப்பு மருத்துவமனைகளைவிட மாநகராட்சிக்கே பொருந்தும், ஏனெனில் நோயாளியாக வராதவரையும் தன் நகரவாசியாகக் கருதும் கடமை மாநகராட்சிக்கே உண்டு.